தெருவை ஆளாதார் திசையை ஆள்வரோ?

கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுந்தம் காட்டுவதாகச் சொன்னானாம். இப் பழமொழியை முதன்முதற் சொன்ன பாட்டி எந்த ஊராட்சிக்கு வரி கட்டியவள் என்பது தெரியவில்லை. ஆனால், தன் தெருச் சாய்க்கடையோரம் நின்றுகொண்டு, ஓர் ஆட்சியாளனின் மேடைப்பேச்சை அப்பொழுதுதான் கேட்டு முடித்திருப்பாள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

தன்னாட்சி என்னுஞ் சொல் தமிழக மேடைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக முழங்கி வருகின்றது. மொழியுரிமை வேண்டும், வரியுரிமை வேண்டும், கல்வியுரிமை வேண்டும், ஆற்றுநீருரிமை வேண்டும் என்று தில்லியை நோக்கித் தமிழர் எழுப்புங் குரலில் ஒன்றேனும் பொய்யில்லை. அவை கேட்டுப் பெற வேண்டியனவும் அல்ல. கேளாமலே கிடைத்திருக்க வேண்டியன. ஆயினும், தன்னைத் தானே ஆள விரும்பும் ஓரினத்தின் ஆளுந்திறம் முதலில் வெளிப்படும் இடம் தலைநகரத்துக் கோட்டையன்று. வீட்டு வாயிலுக்கு நான்கடி தொலைவிலுள்ள தெருவே. அத் தெருவுக்கு விளக்கேற்றுவதும், தண்ணீர் தருவதும், குப்பை அள்ளுவதும், கழிவுநீரைக் கடத்துவதும், இறந்தவனைக் கொண்டுபோகச் சுடலைக்கு வழியமைப்பதும் உள்ளாட்சியின் வேலைகள். தில்லியின் தீங்கு செய்தித்தாள் வந்தபின் தெரியும். உள்ளாட்சியின் தீங்கோ செய்தித்தாள் வருமுன், குழாயைத் திறந்தவுடனே தெரிந்துவிடும்.

அவ்வளவு அணுக்கமாக அமைந்த அவ் வாட்சி எவ்வாறு நடக்கின்றது? ஏதேனும் ஒரு நகர்மன்றக் கூட்டத்தை எண்ணிப் பார்க்க. ஊர்ப்பெயர் வேண்டுவதில்லை, எந்தப் பெயரை இட்டாலும் பொருந்தும். பத்து மணிக்குக் கூட்டம் என்று அழைப்போலை சொல்லும். பதினொன்றரைக்குத் தலைவர் வருவார். திருவள்ளுவர் படத்தின்கீழ் நின்று ஒரு குறள் படிப்பர். பெரும்பாலும் அது நடுவுநிலைமை பற்றியதாகவோ வாய்மை பற்றியதாகவோ இருக்கும். மன்றத்தில் அன்று நிகழும் முதல் நகைச்சுவை அதுவே. பின்னர்க் கட்சித் தலைவர்க்குப் பாராட்டு. அவர் மகனுக்குப் பாராட்டு. பேரன் பிறந்தநாளுக்கு வாழ்த்து. இவற்றுக்கு முக்கால் மணி கழியும். அதன்பின் அறுபத்திரண்டு தீர்மானங்கள் எட்டு மணித்துளிகளில் நிறைவேறும். அலுவலர் எண்ணைப் படிப்பார். ஆளுங்கட்சியார் மேசையைத் தட்டுவர். 'ஒருமனமாக நிறைவேறியது' என்று பதிவேட்டில் எழுதப்படும். பெருக்கல் வாய்பாட்டைக்கூட அவ்வளவு விரைவாக எந்தப் பள்ளிப்பிள்ளையாலும் ஒப்பிக்க முடியாது.

மாற்றுக்கட்சியார் வாளா இருப்பரா? ஒருவர் வெறுங்குடத்தைத் தலையிற் சுமந்து வருவார். ஒருவர் கொசுவலையைப் போர்த்திக்கொண்டு வருவார். மற்றொருவர் பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கை ஏந்தி வருவார். படம் பிடிப்பார் வந்துவிட்டனரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு முழங்குவர். முழங்கிவிட்டு வெளிநடப்புச் செய்வர். பத்து மணித்துளி சென்றபின் புறவாயில் வழியே உள்ளே வந்து, அமர்வுப்படிப் பதிவேட்டில் ஒப்பமிட்டுவிட்டுப் போவர். வெளிநடப்புக்கு முன்வாயில், அமர்வுப்படிக்குப் பின்வாயில். இரண்டுக்கும் மன்றத்தில் வழியுண்டு. மக்கள் குறை நுழைவதற்கு மட்டும் ஒரு பலகணியும் இல்லை.

மன்றத்துக்கு வெளியே, தெருவில் நடப்பது அதனினும் சுவையானது. நெடுநாள் முறையீட்டுக்குப்பின் புதிதாகத் தார் போடுவர். தார் காயுமுன் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டுவர். அப் பள்ளம் மூடுமுன் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டுவர். அதனை மூடியபின் மின்கம்பி புதைப்பார் வந்து, மூடியதைத் திறப்பர். இவ்வளவு ஆழமாகவும் இவ்வளவு அடிக்கடியும் தோண்டிய ஊர்களில் இன்னும் நூறு கீழடிகள் வெளிப்படாமற் போனது வியப்பே!

பொதுக்கழிப்பிடம் ஒன்று திறப்பார்கள். அதன் சுவரிற் பதித்த கல்லில் அமைச்சர் முதல் வட்டச் செயலாளர் வரை நாற்பது பெயர்கள் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொற்கலங்களைக் குறிக்கும் கல்வெட்டுகளில் கொடுத்தவன் பெயர் மட்டுமா இருக்கின்றது? ஒவ்வொரு கலத்தின் எடையும் வெட்டப்பட்டிருக்கின்றது. இவர்கள் கல்லிலோ பெயருண்டு. எடையில்லை, அளவில்லை, செலவில்லை. ஆறு திங்களிற் கதவு போகும். ஓராண்டில் தண்ணீர்த்தொட்டி போகும். கல் மட்டும் நிற்கும். பிற்காலத்துத் தொல்பொருளாய்வாளர் இக் கற்களைப் படித்துவிட்டு, 21-ஆம் நூற்றாண்டுத் தமிழர் கழிப்பிடங்களைக் கோயிலாகக் கொண்டு வழிபட்டனர் என்று முடிவு கட்டினால், அவரைக் குறைகூற இயலாது.

இவற்றுக்கிடையே தமிழ் எங்கே நிற்கின்றது? தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே நிறைவேறிவிட்டது. வார்டு என்பதற்கு வட்டம், மேயர் என்பதற்கு மாநகரத் தலைவர், கவுன்சிலர் என்பதற்கு மாமன்ற உறுப்பினர், டெண்டர் என்பதற்கு ஒப்பந்தப்புள்ளி, எசுடிமேட்டு என்பதற்கு மதிப்பீடு என்றெல்லாம் நல்ல தமிழ்ச்சொற்கள் சொற்பட்டியல்களில் இருக்கின்றன. அவை அப் பட்டியல்களிலேயே இருக்கின்றன. ஊரைப் பகுத்த பகுதிக்குக் 'குடும்பு' என்று ஆயிரமாண்டுக்கு முன்பே பெயரிட்டிருந்த இனத்தான், இன்று 'வார்டு கவுன்சிலர்' என்று அட்டை அடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகின்றான்.

ஆயினும், உள்ளாட்சியில் தமிழுக்கு இடமே இல்லை என்று சொல்வது பழியாகும். வரி கேட்டு வரும் தாளைப் பார்க்க. அது தமிழில் வரும். 'கட்டத் தவறினால்' என்று தொடங்கும் பகுதி ஓர் ஒற்றுப்பிழைகூட இன்றி இருக்கும். அவ் வரிப்பணத்திற் செய்யும் வேலையின் மதிப்பீடும் அளவும் செலவும் எழுதிய கோப்பைக் கேட்டால், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாங்குவதற்குத் தமிழ், கணக்குக்கு ஆங்கிலம்! கோயிற் கருவறையில் வடமொழி எதற்காக நிற்கின்றதோ, அதற்காகவே ஒப்பந்தக் கோப்பில் ஆங்கிலம் நிற்கின்றது. கேட்பவனுக்குப் பொருள் விளங்கிவிட்டால் அடுத்து அவன் கேள்வி கேட்பான். அதனைத் தடுக்க மதிலினும் வலியது அயன்மொழி.

'கமிசன்' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆணையம் என்றும் பொருளுண்டு. தரகு என்றும் பொருளுண்டு. ஒப்பந்தத்திற் கைமாறுவதும் கமிசன். கைமாறியதை உசாவ அமர்த்துவதும் கமிசன். முன்னது விழுக்காட்டில் வரும். பின்னது அறிக்கையாக வந்து பேழையில் உறங்கும். தமிழிற் சொல்லியிருந்தால், தரகு வேறு, ஆணையம் வேறு என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். பிறசொற் கலப்பால் வருங் கேடு மொழியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டினால், ஆட்சியாளர் உடனே உத்தரமேரூருக்கு ஓடிவிடுவர். 'உலகுக்கே குடவோலை முறையைக் கற்பித்தவன் தமிழன்' என்று மார் தட்டுவர். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக் கல்வெட்டுகள் அரியனவே. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலையைப் பகுத்துக் கொடுத்தனர். பணிக்காலம் 360 நாள். பெருமைப்படத் தக்க ஏற்பாடுதான். ஆனால், பெருமை பேசுவோர் அக் கல்வெட்டை இறுதிவரை படித்ததில்லை போலும்! படித்திருந்தால் அதனை மேடையிற் சொல்ல நாக் கூசியிருக்கும்.

முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அக் கல்வெட்டின் விதி. அவன் பெயர் மட்டுமன்று. அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மருமகன், மைத்துனன் ஆகியோர் பெயரும் ஆகா. முந்திய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவனும் ஆகான். 921-ஆம் ஆண்டு விதிப்படி, அகவை முப்பத்தைந்துக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் ஆகாது. இவ் விதிகளை இற்றைத் தேர்தலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கணக்குக் காட்டாதாரை நீக்கினால் குடத்திற் பாதி குறையும். அவர்தம் மாமன் மைத்துனரை நீக்கினால் மற்றைப் பாதியும் போகும். எஞ்சிய இரண்டொருவரை அகவை விதி கொண்டுபோய்விடும். முடிவில், ஓலை எடுக்க வந்த சிறுவன் ஒருவனே மன்றத்தில் நிற்பான். அவனையே தலைவனாக்கிவிட்டால் ஊர் ஓரளவு நலமாகவே இருக்கும்.

அக் கல்வெட்டின் மறுபக்கத்தை மறைப்பதும் தகாது. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட பிரமதேய ஊர். நிலமும் சொந்த மனையும் ஆரிய மறைப் பயிற்சியும் உடையார்க்கே அக் குடத்தில் இடம். உழுத கைக்கு ஓலையில்லை. நாற்று நட்ட பெண்ணுக்கு ஓலையில்லை. அவ் வேரியைத் தோண்டியவனுக்கும் ஓலையில்லை. ஆகவே, அதிலிருந்து இன்றைக்குக் கொள்ளத் தக்கது ஒன்று. தள்ளத் தக்கது ஒன்று. கொள்ளத் தக்கது, கணக்குக் காட்டாதவன் ஆளத் தகாதவன் என்னும் நெறி. தள்ளத் தக்கது, பிறப்பால் ஆளுந் தகுதி வரும் என்னும் நினைப்பு. தமிழன் என்ன செய்தான்? கொள்ளத் தக்கதைத் தள்ளினான். தள்ளத் தக்கதை நெஞ்சுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டான்.

ஒளித்து வைத்தது 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெளியே வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக் காலம் அங்கு ஊராட்சி என ஒன்று உருப்பெறவில்லை. ஒன்று, யாரும் போட்டியிடார். அன்றேல், ஊராரே ஒருவரை நிறுத்தி வெல்லச் செய்து, பதவியேற்ற கையோடு விலகலோலை எழுதி வாங்குவர். 2006-இலேதான் அங்கு முறையான தேர்தல் நடந்தது. மேலூரையடுத்த மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசன், 1997 சூன் 30-ஆம் நாள், உடனிருந்தாரோடு பேருந்திற் பயணஞ் செய்கையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் ஒரு நாற்காலியில் அமரத் துணிந்தது. இங்கே நகைப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழன் தலையைத் தமிழனே அறுத்த இடத்தில் நகைச்சுவை நின்றுவிட வேண்டும்.

கால் நூற்றாண்டு கழிந்தும் அந் நாற்காலி விலகவில்லை. 2020 அக்தோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தாழ்த்தப்பட்ட வகுப்பினராகிய பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர் நாற்காலியில் வீற்றிருந்த படம் நாடெங்கும் பரவியது. தில்லியில் தமிழனுக்கு உரிய இருக்கை இல்லையென்று வெகுண்டெழும் இனம், தன் ஊரில் தன் உடன்பிறந்தாளுக்கு நாற்காலி இட மறுக்கின்றது. இவ் விரண்டு மறுப்பும் ஒரே குருதியில் ஓடும் ஒரே நோய் என்பதை உணராதவன் தமிழ்த்தேசியம் பேச வாய் திறத்தலாகாது.

நாற்காலியை விற்கும் ஊர்களும் உள. தேர்தல் வேண்டாம், பகை வளரும் என்று சொல்லித் தலைவர் பதவியைக் கோயில் முன்றிலில் ஏலம் விடுவர். 2019-இல் இத்தகைய ஏலங்களுக்கு எதிராக மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஏலப்பணம் கோயிற் பணிக்கு என்பர். கடவுளும் பங்காளியாகிவிட்டால் யார் வாய் திறப்பார்? ஆனால், பணங்கொடுத்து எடுத்தவர் போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார் என்பதை ஏலம் விட்டவர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாட்டை விற்றவன் அதன் பாலைக் கேட்க முடியாது. வாக்கை விற்றவன் விளக்கைக் கேட்க முடியாது.

பெண்டிர்க்கு உள்ளாட்சியிற் பாதியிடம் என்று 2016-இற் சட்டம் திருத்தப்பட்டு, 2019 தேர்தல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். அச் சட்டம் எழுதியவர் எண்ணியும் பாராத புதுப் பதவி ஒன்றை ஆடவர் அதிலிருந்து உண்டாக்கிக்கொண்டனர். அதற்குத் 'தலைவியின் கணவர்' என்று பெயர். 'தலைவர் வருகிறார்' என்று எல்லாரும் எழுந்து நின்றால், வருபவர் அவரே. தலைவி வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பார். ஒப்பமிட வேண்டிய காசோலை அடுப்படிக்கு வந்து சேரும். தேர்தலில்லை, பதவிக்காலமில்லை, வழக்கு வந்தாற் பொறுப்புமில்லை. இத்துணை வாய்ப்பான பதவி தில்லியிற்கூட இல்லை! இவ் விழிவை உடைத்துத் தாமே ஆளத் துணிந்த பெண்டிரும் பல ஊர்களில் உளர். ஊர் அவர்களுக்குக் கொடுக்கும் முதற் பரிசு 'அடங்காதவள்' என்னும் பட்டம். அப் பட்டத்தை அவர்கள் பெருமையாகவே சூடிக்கொள்ளலாம்.

இவை மக்கள் தாமே தமக்கிழைத்துக்கொள்ளும் கேடு. அவர்கள்மேல் அமர்ந்துள்ள மாநில ஆட்சி இழைத்த கேடோ வேறுவகை. அதன் கதையை ஆண்டு வரிசையிற் சொன்னாலே போதும். நகையாட்டு தானே வந்துவிடும்.

நடுவணரசுக்கும் மாநிலத்துக்கும் உள்ள உறவை ஆய்வதற்கு 1969-இல் இராசமன்னார் குழு அமைக்கப்பட்டது. 1974 ஏப்பிரல் 16-ஆம் நாள், மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் தமிழகச் சட்டமன்றத்தில் எழுந்தது. இந்திய வரலாற்றில் நிலைத்து நிற்கும் பெருமை அது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 1973-இல், அதே அரசின் கையால், 1688-இல் தொடங்கப் பெற்ற சென்னை மாநகராட்சியின் மன்றம் கலைக்கப்பட்டிருந்தது. இல்லாத ஆட்கள் பெயரைக் கூலிப்பட்டியலில் எழுதிப் பணமெடுத்த ஊழல் அதற்குக் கரணியம். ஊழல் செய்தாரை ஒறுத்தல் முறையே. ஆனால் ஒறுக்கப்பட்டவர் யார்? வாக்களித்த மக்கள்! 1976 சனவரி 31-ஆம் நாள் தில்லி தமிழக அரசைக் கலைத்தது. மக்களாட்சிப் படுகொலை என்று அன்று எழுந்த குரல் முற்றும் அறமானது. இருப்பினும், மாநிலத்தைக் கலைத்த தில்லி அடுத்த ஆண்டே, 1977-இல், தேர்தல் வைத்தது. மாநகரத்தைக் கலைத்த மாநிலமோ 1996 வரை, 23 ஆண்டுகள், தேர்தல் வைக்கவில்லை. இடையிற் கோட்டையில் ஆண்ட கட்சிகள் மாறின. மன்றத்தின் பூட்டு மாறவில்லை. உள்ளாட்சிக்கு 1882-இல் வழிசெய்த ஆங்கில ஆட்சித்தலைவர் இரிப்பனின் பெயரால் 1913-இல் எழுந்த அம் மாளிகையில், 23 ஆண்டுகள் உறுப்பினர் குரல் ஒலிக்கவே இல்லை.

அப் பூட்டைத் திறந்த சாவி எங்கிருந்து வந்தது? தில்லியிலிருந்து! 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியற்சட்டத் திருத்தங்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தே தீர வேண்டுமென்று கட்டாயப்படுத்தின. தமிழன் தெருவைத் தமிழன் ஆளட்டும் என்று தில்லி சொல்லித் தமிழக அரசு கேட்க வேண்டியிருந்ததென்றால், தலைகுனிவதற்கு அதனினும் வேறொன்று வேண்டுவதில்லை.

அக் கட்டாயமும் நெடுநாள் நிற்கவில்லை. 2016 அக்தோபரில் நடக்கவிருந்த தேர்தலை ஒதுக்கீட்டு முறைகேட்டைச் சுட்டிச் சென்னை உயர் வழக்குமன்றம் நீக்கியது. மறுதேர்தலுக்கு மாநிலம் எடுத்துக்கொண்ட காலம் எவ்வளவு? 27 மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 திசம்பரில் தேர்தல். மற்றை 9 மாவட்டங்களுக்கு 2021 அக்தோபரில். நகரங்களுக்கு 2022 பிப்பிரவரியில். அதுவரை 'தனி அலுவலர்' என்பார் ஆண்டனர். மன்றம் இல்லையென்பதைச் சொல்லி, உள்ளாட்சிக்குத் தர வேண்டிய பணத்தை நடுவணரசு நிறுத்தி வைத்தது. 27 மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2025 சனவரியில் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். மாநிலத்துக்கு ஆளுநர் எவரோ, ஊருக்குத் தனி அலுவலர் அவரே. முன்னவரை வேண்டாவென்று முழங்குவோர் பின்னவரைப் பல்லக்கேற்றி அனுப்புகின்றனர்.

தேர்தல் வந்தபோதும் முறை நிலைப்பதில்லை. மாநகரத் தலைவரை 1996-இலும் 2001-இலும் மக்கள் நேரே தேர்ந்தனர். 2006-இல் உறுப்பினர் தேர்ந்தனர். 2011-இல் மறுபடியும் மக்கள். 2022-இல் மறுபடியும் உறுப்பினர். எந்த முறையில் எவர்க்கு ஊதியம் மிகும் என்று கோட்டையிற் கணக்கிட்டு, அதற்கேற்ப மக்களாட்சியின் இலக்கணம் மாற்றப்படுகின்றது. அவ்வாறு வந்த தலைவரின் ஆற்றல்தான் என்ன? சென்னையில் குடிநீர் 1978 முதல் தனி வாரியத்தின் கையில்; ஆணையரை அமர்த்துவது மாநில அரசு. மாநகரத் தலைவர் கழுத்திற் பொன்மாலை மட்டும் தொங்கும். ஊராட்சித் தலைவரையோ மாவட்ட ஆட்சியர் பதவிநீக்கஞ் செய்யலாம். அவரைத் தேர்ந்த மக்கள் செய்ய முடியாது.

2022 பிப்பிரவரி 19-இல் நகரங்கள் வாக்களித்தன. ஏப்பிரல் பிறந்தவுடன் சொத்துவரி 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயருமென்று மாநில அரசு அறிவித்தது. 15-ஆம் நிதிக்குழுவின் கட்டளையே கரணியமென்றும் சொன்னது. தில்லி சொன்னது, கோட்டை பணித்தது, மன்றம் தலையசைத்தது, தெரு கட்டியது. இந்திய ஆட்சியமைப்பு முழுமையையும் விளக்க இந்த நான்கு தொடர்கள் போதும்.

இத்தனைக்கும் மருந்து ஏதேனும் உண்டா? உண்டு, அது கைக்கெட்டும் தொலைவில், தூசி படிந்து கிடக்கின்றது. கிராம சபை எனப்படும் ஊரவை சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிற் கூட வேண்டுமென்று வகுக்கப்பட்டுள்ளது. அவ் வவையில் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். எவரும் அவரைக் கலைக்க முடியாது, விலைக்கு வாங்கிக் கட்சி மாற்ற முடியாது. கணக்கைக் கேட்கும் உரிமை அவர்க்குண்டு. ஆனால் நடப்பது என்ன? மரத்தடியில் இருபது பேர் கூடுவர். நூறுநாள் வேலைக்கு வந்தவரிடம் ஒப்பம் வாங்கிப் பதிவேடு நிரப்புவர். தேநீரோடு ஊரவை கலையும்.

தமிழுணர்வாளர் அவ் விருபது பேரில் இருக்கின்றனரா என்பதே கேள்வி. இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போகும் இளைஞன், தன் ஊரவைக்குப் போவதில்லை. அங்கே பேசப்படுவது சாய்க்கடை பற்றி. அது இனவிடுதலைக்குரிய பொருளன்று என்பது அவன் நினைப்பு. அங்கேதான் அவன் பிழைபடுகின்றான். ஊர்க்கணக்கைத் தமிழில் எழுதிப் பலகையில் தொங்கவிடுக என்று கேட்பது மொழிப்போரே. தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட தலைவர்க்கு முதல் நாற்காலி இடுக என்று கேட்பது இனப்போரே. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் வைக்க என்று கேட்பது தன்னாட்சிப் போரே. இம் மூன்றையும் ஊரிற் கேட்க அஞ்சியவன் குரல் தில்லிவரை எட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஊரவை கூடும் ஆறு நாள்களுள் ஒன்றாகிய நவம்பர் 1, உள்ளாட்சி நாள். 1956-இல் தமிழகம் மொழிவழி மாநிலமாகப் பிறந்த நாளும் அதுவே. ஒரே நாளில் நாடும் ஊரும் இணைந்தது மிகப் பொருத்தம். நாடு என்பது ஊர்களின் தொகுதியன்றி வேறில்லை. ஊர்தோறும் அடிமைத்தனத்தை வளர்த்துக்கொண்டு நாட்டுக்கு விடுதலை கேட்பவன், ஓட்டைக் குடங்களை வரிசையாக அடுக்கிவைத்து மழையை வேண்டுபவனை ஒப்பான். மழை வரலாம், குடத்தில் நீர் நில்லாது.

ஆகவே, மாநிலம் தில்லியிடம் கேட்பதையெல்லாம் ஊருக்கு முதலிற் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். அக் குரலுக்கு அப்பொழுது எடையிருக்கும். தமிழர் தத்தம் ஊரவையில் எழுந்து நின்று, 'கணக்கு எங்கே?' என்று தூய தமிழில், உரத்த குரலில், ஒருமுறை கேட்கட்டும். முதலிற் கூரையேறட்டும், கோழியைப் பிடிக்கட்டும். வானம் எங்கும் ஓடிவிடாது.